கீழ்மடைக்குப் போகாத சேதி

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கள் சார், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். நொச்சிக்கோட்டை அரண்மனையில்தானே வாங்கினீர்கள்? முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்குமே. ஆமாம், இதோ. உங்கள் பிரதியிலும் ஒட்டிவிட்டாள். பசைகூடச் சரியாகத் தடவவில்லை, மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. "இந்தப் பக்கத்தில் உள்ளது உண்மை அல்ல. திருத்தம் பின்னர் வரும்." கீழே கையெழுத்து, குமுதவல்லி நாச்சியார்.

அட்டையில் ஆசிரியர் பெயர் நெல்லைநாயகம் என்று இருக்கிறதல்லவா? அது நான்தான்.

கோபமெல்லாம் இல்லை. அறுபத்து நான்கு பக்கப் புத்தகம், இரண்டு பதிப்பு வந்தது, அதில் ஒரு பக்கத்தில் ஒரு சீட்டு. அதற்காக ஒரு மனிதன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புவானா? ஆனால் அந்தச் சீட்டுக்கு அடியில் என் தாத்தா இருக்கிறார் சார். உமையொருபாகம் என்று பெயர். அந்தப் பெயர் நிற்குமா போகுமா என்பதுதான் என் கவலை. வேலை போனால் போகட்டும்.

வேலை என்றால் காரியஸ்தர் வேலை. தாத்தா, பிறகு அப்பா, பிறகு நான். ஜமீன் ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் என்ன காரியம் என்று கேட்பீர்கள். பாதி ஓடு பறந்த ஒரு அரண்மனை இருக்கிறது. ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. பங்குனியில் கோயிலில் அரண்மனைக்கு முதல் மரியாதை, தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். இவ்வளவுதான் ராஜ்ஜியம். ஆனால் ஊரில் இன்றைக்கும் ராஜா என்றுதான் சொல்வார்கள். இப்போது ராணி என்கிறார்கள்.

ராஜா போன தை மாதம் காலமானார். ஒரே மகள். இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தாள். கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அப்பா காரியம் முடிந்து இரண்டு வாரத்தில் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தோம். போகவில்லை. "பரிவட்டம் நானே கட்டிக்கிறேன்" என்றாள்.

அவளுடைய சித்தப்பா, ராஜாவின் பங்காளி, கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தார். "பொம்பளைப் புள்ள தலையில பரிவட்டமா? அம்மனே சிரிச்சிரும்."

"அம்மனும் பொம்பளைதானே சித்தப்பா? சிரிச்சா சந்தோஷத்துலதான் சிரிக்கும்" என்றாள் இவள்.

எனக்கு அன்றைக்கு அவளை அவ்வளவு பிடித்தது. அதுதான் நான் செய்த தப்பு. அரண்மனையில் தினசரி என்று ஒன்று உண்டு சார். அன்றன்று நடந்ததைக் காரியஸ்தர் எழுதிவைக்கிற புத்தகம், வருஷத்துக்கு ஒன்று. நூற்றைம்பது வருஷத்துத் தினசரிகள் ஒரு பெரிய பெட்டியில் கிடந்தன. யாரும் திறப்பதில்லை. நான் திறந்தேன். மூன்று நாள் தேடி, முன்னொரு காலத்தில் ஒரு ராணி பரிவட்டம் கட்டிக்கொண்டதாக ஒரு வரியைக் கண்டுபிடித்து, மண்டபத்தில் நின்று உரக்கப் படித்தேன். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். பங்குனி உத்திரத்தன்று குமுதவல்லி நாச்சியார் ராணியானாள். அதாவது, நான் ஆக்கினேன். அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தாள். "மாமா, அந்தப் பெட்டிச் சாவியைக் கொடுங்க."

"எதற்கம்மா?"

"உங்களுக்கு வேணுங்கற வரி அதுல இருந்துச்சு. எனக்கு வேணுங்கறது என்ன இருக்குன்னு பாக்கணும்."

நான் அவளைச் சின்ன வயதில் பாப்பா என்று கூப்பிட்டவன். சாவியைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தது மட்டுமில்லை, படிக்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பழைய கூட்டெழுத்து, பழைய எண்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க, மத்தியான வெயிலில் ஃபேன் சத்தத்தில் உட்கார்ந்து படித்தோம். நல்ல நாட்கள் அவை. மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ராணி மேஜைமேல் உட்காரலாமா என்றால் "ராணி எங்க வேணா உட்காரலாம், அதுக்குத்தானே ராணி" என்பாள்.

ஒருநாள், "இது யார் எழுத்து மாமா? கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றாள்.

"அது என் தாத்தா கையெழுத்து அம்மா."

"ஐயோ, மன்னிச்சிருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல கோழி மாமா. வரி விடாம கிண்டியிருக்கு."

சிரித்தேன். ஏன் இந்த பஸ் இங்கே இவ்வளவு நேரம் நிற்கிறது? யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சரி, கிளம்பிவிட்டான்.

மண் காணிக்கையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கோட்டைக்குக் கிழக்கே குளம். குளத்தின் கிழக்குக் கரைக்குக் கீழே ஒரு சின்ன ஊர், கீழ்மடை. தொண்ணூறு வருஷம் முன்னால் வந்த பெரிய வெள்ளத்தில் மூழ்கிய ஊர். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி கடைசி நாள் காலையில் அந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வருவார்கள். மேளம் கிடையாது, பேச்சு கிடையாது. வரிசையாக வந்து தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தேழு பிடி. கூடாது, குறையாது. அரண்மனை சார்பில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்போம். வாங்க மாட்டார்கள். கையை வீசிக்கொண்டு போய்விடுவார்கள். "பிரதிபலன் எதிர்பாராத விசுவாசம்" என்று எழுதியிருக்கிறேன், அதே முப்பத்தோராம் பக்கத்தில், சீட்டுக்கு அடியில் இருக்கும்.

மண் வாங்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்குத்தான். ராஜாவுக்குக்கூட இல்லை. பத்து வருஷம் முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை, எழுந்து உட்கார முடியாது. ராஜா டிரைவரை விட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் கொடுக்கவில்லை சார். வெயிலில் நின்றார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. கடைசியில் என்னை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். என் மடியில் தட்டை வைத்த பிறகுதான் ஒருவர் பின் ஒருவராக வந்து போட்டார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் ஒரு காரியஸ்தன்மேல் இவ்வளவு பிரியமா என்று. வீட்டில் வந்து சொர்ணத்திடம், அதாவது என் மனைவியிடம், சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அந்த மண் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்பா காலத்திலிருந்தே துளசி மாடத்தில் போடுவது வழக்கம். நிரம்பிவிடும், மாடத்தை உயர்த்திக் கட்டுவோம். மூன்று தடவை உயர்த்தியாயிற்று. சொர்ணம் தினமும் குளித்துவிட்டு முதல் செம்புத் தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆடி மாதம். அவள் ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா முந்தின வருஷங்களில் எடுத்துவைத்த வீடியோ, மண் காணிக்கை.

"மாமா, இவங்க யாருமே குனியலையே."

"என்னம்மா?"

"நீங்க தட்டைத் தாழ்த்திப் பிடிச்சிருக்கீங்க. ஒருத்தர்கூட முதுகை வளைக்கல. மேலேருந்து விடறாங்க. காணிக்கை போடற உடம்பு இப்படி இருக்காது. நான் தினமும் உடம்பைத்தான் பாத்துட்டு இருந்தேன். இதுல பாருங்க, எல்லார் கண்ணும் உங்க முகத்துல இருக்கு. எதுக்கோ காத்திருக்கற மாதிரி."

"மரியாதைக்குப் பார்ப்பார்கள் அம்மா."

அவள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். அடுத்த வாரம் வேறொரு கேள்வி. "வெள்ளம் வந்தப்ப கீழ்மடையில எத்தனை வீடு மாமா?"

"முப்பத்தேழு. அதனால்தான் முப்பத்தேழு பிடி. புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேனே."

"வெள்ளத்துக்கு அடுத்த வருஷத் தினசரியில இருபத்தோரு வீட்டுக்குக் கஞ்சி ஊத்தினதா இருக்கு. வெள்ளத்துக்கு முந்தின வருஷத்துலயும் இருபத்தொண்ணுதான். வெள்ளம் வந்த வருஷத்துத் தினசரி மட்டும் பெட்டியில இல்ல."

"கரையான் அரித்துவிட்டது" என்றேன்.

அரிக்கவில்லை சார். என் வீட்டுப் பீரோவில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இருந்தது. புத்தகம் எழுதும்போது எடுத்துப் போனவன் திருப்பி வைக்கவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். சொர்ணமே பின்னால் கேட்டாள், "கிழிச்சுத் தொலைச்சிருக்கலாம்லா?" என்று. எனக்கு மனசு வரவில்லை. மூன்று தலைமுறையாகக் காகிதத்தைக் காப்பாற்றியவர்கள் நாங்கள்.

மறுநாள் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கீழ்மடைக்குப் போய்விட்டாள். அரண்மனையிலிருந்து யாரும் கீழ்மடைக்குள் போனதில்லை. வழக்கமில்லை, அவ்வளவுதான், காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. சாயங்காலம் திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் தூசி. ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பாள், அதில் நாலைந்து பக்கம் கிறுக்கி எழுதியிருந்தாள்.

"மாமா, என் கையெழுத்து கேவலமா இருக்கு. உங்க எழுத்து அழகு. இதை ஒரு நல்ல தாள்ல எழுதிக் கொடுங்க."

பெயர்கள். வெள்ளத்தில் போன முப்பத்தேழு பேரின் பெயர்கள். அவள் படிக்கப் படிக்க நான் எழுதினேன். சுடலைமுத்து, வயசு அறுபது. அவர் மனைவி பேச்சி. மகள் பிரமு, ஒன்பது வயசு. இப்படி. சில பெயர்களை இப்போது யாரும் வைப்பதில்லை. இருபத்தொன்பதாவதுக்கு வந்தபோது அவள் நிறுத்தினாள்.

"பேர் வைக்காத பிள்ளை. ஆண். பதிமூணு நாள்."

எனக்கு எழுதவந்தது. அதைத்தான் சொல்கிறேன். அழகாக எழுதினேன். முப்பத்தேழையும் எழுதி, மை காய ஊதி, அவளிடம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தால், கையில் பீரோச் சாவி இருந்தது. அந்தத் தினசரியைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். கரையானைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மனப்பாடம். "குளம் தளும்பிக் கோட்டைச் சுவரைத் தொட்டது. கிழக்குக் கரையை வெட்டிவிட ராஜா உத்தரவு. முன்னதாகக் கீழ்மடைக்குச் சேதி சொல்லிக் குடிகளை மேட்டுக்கு ஏற்ற உத்தரவு. இரண்டும் உமையொருபாகம் வசம்." மறுநாள் வரி, "கரை வெட்டியாயிற்று." அவ்வளவுதான். சேதியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள், "உமையொருபாகத்துக்கு மேலப்பத்தில் நஞ்சை இனாம்."

இத்தனையும் தாத்தா தன் கையாலேயே எழுதியிருக்கிறார் சார். தனக்கு வந்த உத்தரவை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நேர்மையான மனிதர்.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு என் புத்தகத்தை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தாள். "கிழக்குக் கரை தானே உடைந்தது."

"மாமா, இதை எழுதறப்ப இந்தத் தினசரியைப் படிச்சிருந்தீங்களா?"

"படித்திருந்தேன்."

"அப்புறம்?"

"நான் பொய் எழுதவில்லை அம்மா. வெட்டினாலும் கரை உடையத்தானே செய்யும்? ஒரு விவரத்தை விட்டேன், அவ்வளவுதான். உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரும் அதில் இருக்கிறதே. உங்கள் அப்பா இருந்தார். அரண்மனை கௌரவம்."

"எங்க கொள்ளுத்தாத்தா வெட்டச் சொன்னாரு. அதை நான் பாத்துக்கறேன். சேதி ஏன் போகல?"

மழை என்றேன். ஆள் கிடைத்திருக்க மாட்டார்கள் என்றேன். கரையை வெட்ட மட்டும் ஆள் கிடைத்திருக்கிறார்களே என்றாள். எனக்குக் கொஞ்சம் சூடேறிவிட்டது. "சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள் அம்மா. இருபத்தோரு வீட்டு ஜனமும் கரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். எங்கள் மேல் வெட்டு என்றிருக்கும். கரையை வெட்ட முடிந்திருக்காது. கோட்டைக்குள் எத்தனை பேர்! நீங்கள் எல்லாரும், எங்கள் வீடு, எல்லாமே கோட்டைக்குள்தான்."

"அப்ப வேணும்னேதான் சொல்லலையா?"

"நான் அப்படிச் சொல்லவில்லையே."

"இப்பத்தானே மாமா சொன்னீங்க."

நான் எழுந்துவிட்டேன். "உத்தரவை மீறியவருக்கு உங்கள் கொள்ளுத்தாத்தா ஏன் நிலம் கொடுத்தார்? அதையும் கேளுங்கள்" என்றேன். ராணியிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் கோபப்படவில்லை. "கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றாள். "அவர் நிம்மதியா கஞ்சி ஊத்தினாரு. யாரும் அவரைக் கேக்கல. இந்த வருஷம் ஐப்பசி கடைசி நாள் வாசல்ல நின்னு நான் சொல்லப்போறேன். வெட்டச் சொன்னது நாங்க, சேதி போகலைன்னு தெரிஞ்சும் நிலம் கொடுத்தது நாங்க. உங்க தாத்தா பேரை நான் சொல்ல மாட்டேன் மாமா. அது நீங்க சொல்லணும். இல்லேன்னா சொல்லாம இருக்கட்டும்."

இதுதான் எனக்கு ஆற்றவில்லை. அவளே சொல்லித் தொலைத்திருக்கலாம். பழியை அவள்மேல் போட்டிருப்பேன். நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதன் தன் தாத்தா பெயரைத் தானே எடுத்து... அவர் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் சார். தேர் போன பிறகும் இறக்கிவிட மாட்டார். யாருக்கும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிக் காலத்தில் மட்டும், மழை வந்தால் திண்டாடிப்போவார். வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம்.

நான் எழுதிப் பார்த்தேன். வரவில்லை என்று நினைக்காதீர்கள், நிறைய வந்தது. "தவிர்க்க இயலாத சூழ்நிலையில்" என்று தொடங்கினேன். "அக்காலத்துப் போக்குவரத்து வசதிகளைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு பத்தி. சொர்ணம் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஒரு வரி சொல்லதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்? உங்க தாத்தா ஒரு வரி மிச்சம் பிடிச்சாரு, நீங்க வட்டியோட எழுதுதீங்களாக்கும்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "இத்தனை வருசம் நான் யாருக்குத் தண்ணி ஊத்தினேன்?" என்றாள்.

ஐப்பசி கடைசி நாள் நான் வாசலுக்குப் போகவில்லை. அலுவலக அறை ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். எட்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தூறல். தட்டை எடுத்துக்கொண்டு அவள் போனாள், செருப்பில்லாமல். படிக்குக் கீழே இறங்கித் தரையில் நின்று சொன்னாள். ஃபோனைப் பார்த்துப் படிக்கவில்லை, குரலும் பெரிய குரல் இல்லை. "எங்க கொள்ளுத்தாத்தா உங்க மேல கரையை வெட்டச் சொன்னாரு. அதுக்கப்புறம் அதை மறைச்சாரு. எங்க அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். எனக்குத் தெரிஞ்சு மூணு மாசமாச்சு." முப்பத்தேழு பெயரையும் சொன்னாள். நான் எழுதிக்கொடுத்த தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

கூட்டத்துக்கு முன்னால் மாடத்தி என்று ஒரு பொம்பளை. எழுபது வயசிருக்கும், வாயில் எப்போதும் வெற்றிலை. இத்தனை வருஷமும் முதல் பிடி அவள்தான் போடுவாள். அவள் ராணிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"சொல்லிட்ட தாயி. இந்த வாசல்ல ஒரு வாய் திறந்துச்சே, அது போதும் உனக்கு. தட்டைக் கீழ வச்சிரு, கை வலிக்கப் போவுது."

"நான் வாங்கக் கூடாதா?"

"உங்கிட்ட கேக்கதுக்கு எங்களுக்கு ஒண்ணுமில்ல, நீ சொல்லிட்டியே. முத வருசம் எங்க அய்யா காலத்துல மண்ணைக் கொண்டு வந்து அந்தக் காரியஸ்தர் முன்னால நின்னு, 'இதுக்கு என்ன சொல்லுதீரு?'ன்னு கேட்டாவ. அவரு ஒண்ணும் சொல்லாம ஒரு தட்டைக் கொண்டாந்து நீட்டுனாரு. அடுத்த வருசமும் கேட்டாவ. தட்டை நீட்டுனாரு. அப்புறம் வாயால கேக்கதை விட்டுட்டோம். வந்து முகத்தைப் பாப்போம், போயிருவோம். மகன் வந்தான், பேரன் வந்தான். பேரன் போன தடவை, 'எல்லாரும் சாப்பிட்டாச்சா?'ன்னு கேட்டாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள் சார். ஆமாம், கேட்டேன். அன்பாகத்தான் கேட்டேன்.

பிறகு அவர்கள் நின்றார்கள். ஒன்பது மணி. பத்து மணி. தூறல் நின்று வெயில் வந்தது. மடக்கின கைகளில் மண். ராணியும் கூடவே நின்றாள், ஒருதரம்கூட என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் கதவுக்கும் நாலடிதான். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். நான் ஒன்றும் செய்யவில்லையே, வெள்ளம் வந்தபோது நான் பிறக்கவே இல்லையே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன். அது உண்மைதானே? உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியபோது பிறந்திருந்தேன்.

மத்தியானம் மாடத்தி ஜன்னலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்க ஊருக்கு ஒரு சேதி வரணும்யா. இன்னும் வந்து சேரல. நாங்க மண்ணைத் திருப்பிக் கொண்டு போறோம். சேதி கொண்டாரவரு கொண்டாந்து வாங்கிக்கிடட்டும்."

மண்ணோடு திரும்பிப் போய்விட்டார்கள். தொண்ணூறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

நான் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் போகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள், ஸ்கூட்டியில். சொர்ணம் காபி கொடுத்தாள். "தோள்பட்டை வலி எப்படி இருக்கு மாமா? சுவத்துல கையை வச்சு ஏத்தச் சொன்னேனே, செய்யறீங்களா?" என்று கேட்டாள். செய்கிறேன் என்றேன். போகும்போது, "புத்தகம் இன்னும் நூத்தி நாப்பது இருக்கு. எரிக்க மனசில்ல. சீட்டு ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள். "திருத்தம் யார் எழுதுவார்கள்?" என்று கேட்டேன். காபி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூன்று வாரமாகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை இந்த பஸ்ஸில் வருகிறேன். வீட்டில் மகளைப் பார்க்க டவுனுக்குப் போவதாகச் சொல்கிறேன். போகவும் செய்கிறேன். ஆனால் அதற்கு நேர்வழி பஸ் இருக்கிறது சார், இது சுற்றிப் போகிற பஸ். கீழ்மடைக்கு ரோடு பிரிகிற விலக்கு வழியாகப் போவது இது ஒன்றுதான். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் அந்த மண்ணை வைத்திருக்கிறார்கள், ஒரே குவியலாக இல்லை, பிடி பிடியாக, வரிசையாக. மழைக்குக் கரையாமல் மேலே தென்னங்கீற்று. முதல் தடவை பார்த்தபோது பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகுதான் எண்ணினேன்.

ஒரு வரிதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். "எங்க தாத்தா உமையொருபாகம் உங்களுக்குச் சேதி சொல்லாம கரையை வெட்டினாரு. அது எனக்குத் தெரியும். நான் மறைச்சேன்." மூன்று வரி ஆகிவிட்டது. இதைச் சொன்னால் அவர் யார்? தேர் காட்டின தாத்தா எங்கே போவார்? சொல்லாவிட்டால் மட்டும் எங்கே இருக்கிறார்? மழைக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், பாருங்கள். முதல் தடவையாக வாயால் சொல்கிறேன். ஒன்றும் ஆகவில்லை, பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கீழ்மடைக்காரர் இல்லையே.

கண்டக்டர் வருகிறான். இவனுக்கு நான் பழக்கம். என்ன கேட்கிறான் கேட்டீர்களா? "என்ன சார், விலக்கு வருது. இன்னைக்காவது இறங்குவீங்களா, இல்ல டவுனுக்கு மிச்ச டிக்கெட்டைப் போடட்டுமா?" எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் நீளம்.

அதோ வேப்பமரம். கீற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு வெயில் அடிக்கிறதல்லவா. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. மாடத்தியா? என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் பாருங்கள். பொம்பளைதானே? வெற்றிலை இடிக்கிறாளா?

நான் தட்டுகூடக் கொண்டுவரவில்லை சார். கையில்தான் வாங்க வேண்டும். முப்பத்தேழு பிடி இரண்டு கையில் எப்படி நிற்கும்?

விசிலடிக்காதே தம்பி, பொறு. இறங்குகிறேன். சார், கொஞ்சம் காலை ஒதுக்குங்கள்.